‘N’ ஸ்கேல் மாடல் ரயிலில் முதலில் எது வரட்டும்: இன்ஜினா, வேகனா?

‘N’ ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு (1:160) அளவில், நம்ம ஊர் ரயிலின் மாடல் புதிதாக வருமானால் எது முதலில் வேண்டும்? சேலம் ஜங்ஷனில் ரயில் வேடிக்கை பார்க்கிறவர்கள் யோசிக்காமல் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார இன்ஜின் என்பார்கள். வெள்ளையும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும், சரி. ஆனால் 20.5 மீட்டர் இன்ஜின் மாடலில் 13 சென்டிமீட்டர்கூட வராது. அதற்குள் மோட்டார், பல்சக்கரம், விளக்கு எல்லாம் அடங்க வேண்டும். விலை ஏறத்தான் செய்யும்.

என் ஓட்டு, நிலக்கரி ஏற்றும் மேல்திறந்த பாக்ஸ்-என் (BOXN) வேகனுக்கு. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி போகிற மாதிரி ஒரு சரக்கு ரயில் ஓட்டலாமே! ஒரு வேகன் 6.7 சென்டிமீட்டர், மோட்டார் கிடையாது, ஒரே அச்சில் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். நிஜத்தைப் போல 58 கோத்தால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், வீட்டுக் கூடம் தாங்காது. 12 போதும். முன்னால் இப்போதைக்கு ஏதாவது ஒரு வெளிநாட்டு இன்ஜினைப் பூட்டிக்கொள்ளலாம். இழுக்க ஒன்றுமில்லாத இன்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் தண்டவாளம். நம்முடைய 1676 மி.மீ. அகலப்பாதை இந்த அளவில் சுமார் 10.5 மி.மீ. இருக்க வேண்டும், ‘N’ ஸ்கேல் பாதையோ 9 மி.மீ. இன்ஜினை நேர் எதிரே பார்த்தால் அந்தக் குறை தெரியும். நடுவில் போகிற வேகனில் அவ்வளவாக உறுத்தாது.