பரம்பரைத் துப்பாக்கியைக் கடையில் ஒப்படைக்கப் போகிறீர்களா?

தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கும் ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசு பெயருக்கு லைசென்ஸ் வரும்வரை துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்களை ஏமாற்றினார்கள்.

எங்களுக்குத் தொண்டிப் பக்கம். அய்யா (அப்பாவின் அப்பா) கல்கத்தாவில் வியாபாரம் செய்தபோது வாங்கி வந்த 12 போர் துப்பாக்கி, தோட்டாவை அடிக்கும் குதிரை வெளியே தெரியும் பழைய வகை. 1972இல் வனவிலங்குச் சட்டம் வரும்வரை கண்மாயில் வாத்து சுட்டிருக்கிறார். அதற்குப் பிறகு சுடவே இல்லை. ஆனாலும் உப்புக்காற்றில் துரு ஏறிவிடக் கூடாதென்று எண்ணெய்த் துணியால் துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

குழல்களுக்கு நடுவில் உள்ள பட்டையில் ‘ரோடா, கல்கத்தா’ என்று வெட்டியிருக்கும். 1914இல் புரட்சிக்காரர்கள் மாசர் பிஸ்டல்களைக் கடத்தினார்களே, அதே கம்பெனிதான். ஆனால் ரோடா விற்றவர்கள் மட்டுமே. செய்த ஊர் தெரிய வேண்டுமானால் குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். எங்களுடையதில் கிரீடமும் குறுக்காக இரண்டு செங்கோலும் போட்ட முத்திரை இருந்தது. அது 1904க்கு முந்தைய பர்மிங்காம் சோதனை முத்திரை, அதாவது குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதித்துப் போடும் முத்திரை. கிரீடத்தின் கீழ் ‘என்பி’ என்று இருந்தால் 1904க்குப் பிந்தியது, புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்தது.

குழல் டமாஸ்கஸ். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றிப் பற்றவைத்துச் செய்வார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மீன் செதில் மாதிரி வரி வரியாகத் தெரியும். (கரிமருந்துக் காலத்துக் குழல் இது. இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் உயிருக்கே ஆபத்து.) பழைய பொருளைச் சேர்ப்பவர்கள் விலை கொடுப்பது இந்த வரிகளுக்கும் முத்திரைகளுக்கும்தான்.

அப்பா இறந்ததும் கலெக்டர் ஆபீஸில் வாரிசு லைசென்ஸுக்கு மனுப் போட்டுவிட்டு, வெளியூர் ஆயுதக் கடை ஒன்றில் ஒப்படைத்தோம். கொடுப்பதற்கு முன் தம்பி எல்லாப் பாகத்தையும் கழற்றிப் படம் எடுத்து வைத்தான். குழல், நடுப்பாகம், குழலுக்கு அடியில் மாட்டும் முன்கட்டையின் உள்ளிரும்பு, மூன்றிலும் ஒரே எண்.

சில மாதம் கழித்துப் பார்க்கப் போனால் குழல் கரிக்கட்டையாக இருக்கிறது. வரிகளைக் காணோம், முத்திரையில் பாதி தேய்ந்திருந்தது. “சர்வீஸ் பண்ணி கறுப்பு ஏத்தியிருக்கேன் சார்” என்று கடைக்காரர் பில்லை நீட்டினார். நாங்கள் கேட்கவே இல்லை. டமாஸ்கஸ் குழலைச் சுழலும் சக்கரத்தில் தேய்த்துப் பஃப் அடிக்கவும் கூடாது, கறுப்பு ஏற்றக் கொதிக்கும் கார உப்புக் கரைசலில் முக்கவும் கூடாது. இரண்டு குழலையும் பட்டையையும் ஈயப்பற்றுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அந்தக் கரைசல் அதை அரித்துவிடும். இப்போது பட்டை ஒரு முனையில் விட்டிருக்கிறது.

மதிப்பு எவ்வளவு என்று கேட்டோம். அவரே முன்கட்டையைக் கழற்றிக் காட்டி, “நம்பர் ஒத்துப்போகல, வேற துப்பாக்கிக் கட்டை. 20,000 தர்றேன், விட்டுருங்க” என்றார். தம்பி எடுத்த படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. “2019 சட்டத் திருத்தம் வந்துருச்சு, வாரிசு பழைய துப்பாக்கி வச்சிருக்க முடியாது, கேஸ் ஆகும்” என்று பயமுறுத்தினார். அது சுத்தப் பொய். இந்த விஷயத்தில் அந்தத் திருத்தம் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கி என்று வரம்பு வைத்தது, அவ்வளவுதான். அந்த வரம்புக்குள் பரம்பரைத் துப்பாக்கிக்கு வாரிசு லைசென்ஸ் கிடைக்கும். அப்பா போன துக்கத்தில் இருக்கும் வீட்டாரிடம் இப்படிப் பேச எப்படி மனது வருகிறதோ!

நூறு வருஷம் ஆகிவிட்டால் லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லும் தரகர்களையும் நம்பாதீர்கள். 1959 ஆயுதச் சட்டம் வயதை மட்டும் வைத்து விலக்குத் தரவில்லை. சுடவே முடியாத பழம்பொருளாக இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது ரசீதில் மூன்று பாகத்தின் எண்ணையும், ‘எழுத்து அனுமதி இல்லாமல் எந்த வேலையும் செய்யக் கூடாது’ என்பதையும் எழுதி வாங்குங்கள். வாங்க ஆசைப்படுகிறவரிடமே மதிப்புக் கேட்காதீர்கள்.

படங்களோடு கலெக்டர் ஆபீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். கடையில் மாற்றிவிட்ட எங்கள் முன்கட்டை இன்னும் வரவில்லை. சமீபத்தில் யாராவது கடையில் ரோடா துப்பாக்கி வாங்கியிருந்தால், முன்கட்டையைக் கழற்றி உள்ளிரும்பில் இருக்கும் எண் குழல் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், எங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.