போர்க்காலக் கம்பளியும் பழைய படங்களும்: லண்டன் கடை ஒன்றின் அனுபவம்

கிழக்கு லண்டனில் உள்ள இந்தச் சிறு கடையில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பாணியில் ஸ்வெட்டர் பின்னுவதற்கான கம்பளி நூல்களும் அக்காலத்துப் புகைப்படங்களும் விற்கப்படுகின்றன. நான் வாங்கிய ஃபேர் ஐல் (பல வண்ண நூல்களால் கோலமிட்டுப் பின்னும் ஸ்காட்லாந்துப் பாணி) கையில்லா ஸ்வெட்டருக்கான நூல் தொகுப்பில் ஏழு வண்ணங்கள் இருந்தன; ஸ்காட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுக் கம்பளிக்கே உரிய லேசான சொரசொரப்பால் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நழுவாமல் நிற்கின்றன. பிரிட்டனில் 1941 ஜூனில் துணிப் பங்கீடு தொடங்கி, கம்பளி நூலுக்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்ததால், பெண்கள் பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்தும், மிஞ்சிய துண்டு நூல்களைச் சேர்த்தும் இத்தகைய பல வண்ணக் கோலங்களைப் பின்னினார்கள் என்பதை அறிந்தவருக்கு இந்த வேலை தரும் நிறைவே தனி. அக்கால வழக்கப்படி ஸ்வெட்டர் இடுப்போடு நின்றுவிடும். உயரமானவர்கள் சில வரிசைகள் கூட்டிப் பின்னிக்கொள்ளலாம். விலை சற்று அதிகம், ஆனாலும் தரத்துக்குத் தகும்.

புகைப்படப் பெட்டியருகேதான் வெகுநேரம் நின்றுவிட்டேன். ஓரம் நெளிநெளியாக வெட்டப்பட்ட, உள்ளங்கையளவுப் படம் ஒன்றில் இளம் சிப்பாய் ஒருவர் கைப்பின்னல் ஸ்வெட்டருடன் சிரிக்கிறார். பின்புறம் பென்சிலில் 1943 என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் வீட்டு ஆல்பத்திலிருந்து பிரிந்து வந்ததோ என்று மனம் கனத்தது. இத்தகைய படங்களைப் பிவிசி பிளாஸ்டிக் உறைகளில் வைத்திருப்பதுதான் பெருங்குறை. நாளடைவில் அந்த உறையே படத்தைக் கெடுத்துவிடும் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அந்தப் படத்தை வாங்கி வந்து, வீடு திரும்பியதும் அமிலமற்ற காகித உறைக்கு மாற்றினேன்.