கார்-டி செல்லா, டென்ட்ரிடிக் தடுப்பூசியா?

பெரியப்பாவுக்கு கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி என்று ரிப்போர்ட் வந்த வாரமே குடும்ப வாட்ஸ்அப்பில் ‘செல் தெரபி’ வீடியோக்கள் வரிசைகட்டின. மாம்பலத்து அத்தை ஃபோனே போட்டுவிட்டார்: “ஒரு ஊசிதானாம், கட்டி கரைஞ்சிடுமாம்டா.” சரி என்று உட்கார்ந்து படித்தேன். அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சிகிச்சைகள் கலந்து கிடந்தன: கார்-டி செல், டென்ட்ரிடிக் செல் தடுப்பூசி.

கார்-டி அடியாள் ரகம். நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை (நோயை எதிர்த்துப் போராடும் ஒருவகை வெள்ளணுக்கள்) பிரித்து, புதிய ஏற்பி ஒன்றின் மரபணுவைப் புகுத்தி, பெருக்கி, திரும்பச் செலுத்துகிறார்கள். கட்டிச் செல்லின் மேலிருக்கும் குறிப்பிட்ட புரதம் அந்த ஏற்பியில் சிக்கியதும் டி செல் ஒட்டிக்கொள்கிறது. பெர்ஃபோரின் என்ற புரதத்தால் அந்தக் கட்டிச் செல்லின் சவ்வில் ஓட்டை போடுகிறது. அதன் வழியே கிரான்சைம் என்ற நொதி உள்ளே நுழைந்து, அந்தச் செல்லிடமே இருக்கும் தற்கொலை ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. அது உடைந்து சிதறுவதற்குள் டி செல் அடுத்ததைத் தேடிப் போயிருக்கும்.

டென்ட்ரிடிக் செல்லும் எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்ததுதான், ஆனால் கையில் ரத்தம் படாத ஆள். துப்பு மட்டும் கொடுக்கும். அறுவையில் எடுத்த கட்டியைச் சிதைத்து அதற்கு ஊட்டி, அந்தச் செல்களை மேற்கையில் தோலுக்குள் ஊசி போடுகிறார்கள். நிணநீர் முடிச்சில் இருக்கும் டி செல்களுக்கு அது அடையாளம் காட்டும். அப்புறம் நடப்பது அதே பெர்ஃபோரின், அதே கிரான்சைம்தான்.

ஆக, கொல்லும் விதத்தில் போட்டியே இல்லை. யாரைக் கொல்வது என்பதில்தான். இந்தக் கட்டியில் பக்கத்துப் பக்கத்துச் செல்களே ஒன்றுபோல இருப்பதில்லை. கார்-டி ஒரு புரதத்தைக் குறிவைத்தால், அது இல்லாத செல்கள் தப்பித்து வளரும். 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க நோயாளியின் கதை அதுதான்: கட்டிகள் மறைந்தன, ஏழரை மாதம் கழித்துப் புது இடங்களில் முளைத்தன. 2024-இல் பாஸ்டனில் இரண்டு குறிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு 5 நாளில் கட்டி ஏறக்குறைய காணாமல் போனது. ஆனாலும் மூவரில் இருவருக்கு மறுபடி வந்தது.

தடுப்பூசியோ முழுக் கட்டியையும் காட்டிக்கொடுக்கிறது, ஆனால் மெதுவாக. 2022-இல் வந்த பெரிய ஆய்வில் புதிய நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 19.3 மாதம், ஒப்பிட்ட குழுவுக்கு 16.5. அந்த ஒப்பீட்டுக் குழு வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்தது என்பதால் எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். என் ஓட்டு இரண்டு குறி வைக்கும் கார்-டிக்கு.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தொல்லை: மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோன் டி செல்களையும் சேர்த்தே அடக்கிவிடும். இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

சென்னைக்கு வருவோம். 2023-இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கானது. மூளைக்கட்டிக்கு அது குறிவைக்கவே வைக்காது. தடுப்பூசிக்கோ ஃபார்மலினில் போடாத கட்டி வேண்டும், அதை அறுவைக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெரியப்பாவுடையது வழக்கம்போல ஃபார்மலின் டப்பாவில் பயாப்சிக்குப் போய்விட்டது. எங்களுக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை.

அத்தையிடம் இதைச் சொல்ல அரை மணி நேரம் ஆனது. இப்போது பெரியப்பாவுக்குத் தினமும் வெறும் வயிற்றில் டெமோசோலமைட் என்ற கீமோ மாத்திரை, அப்புறம் கதிர்வீச்சுக்கு ஆட்டோ. மொத்தம் 30 முறை, நேற்றோடு 11.