தமிழில் எழுதினால் சுருங்கிப்போகும் சீட்டு: ஆன்லைன் ஒயிட்போர்டு அனுபவம்

கொடைக்கானலில் ஆசிரியர் பயிற்சிக்குப் பாடம் தயாரிக்கும் தோழி, "நீங்க ரொம்ப நாளா ஒரு ஆன்லைன் ஒயிட்போர்டு வச்சிருக்கீங்களே, அதுக்குக் காசு கட்டலாமா?" என்று கேட்டார். போனில் ஆரம்பித்த புலம்பல் முடியாததால் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதும் எல்லையில்லாத பலகை, அதில் ஒட்டும் சின்னச் சின்னச் சீட்டு, ஓடித் திரியும் கர்சர்கள் எல்லாம் தெரிந்ததுதான்.

என் எரிச்சல் அந்தச் சீட்டில்தான். எழுத எழுத எழுத்தளவு தானாகக் குறையும். ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டால் பளிச்சென்று நிற்கும். நான் குன்னூரில் டிசைன் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். நீலகிரித் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரி பற்றிய பாடத்தில் ஒரு மாணவி, "துணியில் முதலில் படம் வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணியே பெண்கள் தைக்கிறார்கள்" என்று எழுதினாள். அருமையான கவனிப்பு. புரொஜக்டரில் அது பொடிப்பொடியாகத் தெரிய, கடைசி பெஞ்ச் "மிஸ், தெரியல" என்றது. அவள் அதை அழித்துவிட்டு 'நோ ட்ரேசிங்' என்று போட்டாள். எண்ணுவதும் போச்சு, பெண்களும் போனார்கள். எழுத்தளவை மாறாமல் வைத்தாலோ சீட்டு நீண்டு பக்கத்துச் சீட்டின் மேல் ஏறி உட்காரும். புகார் எழுதினேன், கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். மற்றவர் எழுதுவதை நேரம் முடியும்வரை மறைத்துவைக்கும் பட்டன் ஒன்று இருக்கிறது. யோசனைகளைத் திரட்ட 1968-ல் பெர்ண்ட் ரோர்பாக் என்பவர் சொன்ன 6-3-5 முறையை, அதாவது 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம், பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளு என்பதை, முன்பு காகிதத்தில்தான் செய்வோம். முதல் சுற்றிலேயே பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்துவிடுவார்கள். இப்போது அது நடப்பதில்லை. வாயே திறக்காத பையனின் சீட்டுதான் பல நாள் முதலில் விவாதத்துக்கு வருகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

மழைக்காலம் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மரம் விழுந்தால் கரண்ட் போகும், பின்னாலேயே டவரும் போகும். அன்றைக்குச் சார்ட் பேப்பர்தான்.

இதே மாதிரிப் பலகையான கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-உடன் மூடப்பட்ட பிறகு, வகுப்பு முடிந்ததும் பலகையைப் பிடிஎஃப்பாக எடுத்துவைக்கிறேன். ஏ4 தாளில் அச்செடுத்தால் தமிழ்ச் சீட்டெல்லாம் வெறும் கோடு. பாருங்கள், திரும்பவும் அங்கேயே வந்துவிட்டேன்.

மிரோ, ஃபிக்ஜாம் என்ற ஒயிட்போர்டுகள் இரண்டிலும் கல்விக்கென்றே இலவசத் திட்டம் உண்டு. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். காசு மட்டும் கட்டாதீர்கள். தமிழில் பாடம் நடத்துகிறவருக்கு அது தண்டச் செலவு. நான் போன வாரம்தான் புதுப்பித்தேன், அந்த ஒரு பட்டனுக்காக. அதைக் கேட்காதீர்கள்.