பெட்ரூமுக்கு 32 இன்ச் டிவியா, 43 இன்ச்சா?

2025 செப்டம்பருக்கு முன்னால் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 32 இன்ச் வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28 என்று இருந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதியிலிருந்து எல்லாவற்றுக்கும் 18தான். அதற்கப்புறம் தர்மபுரி நாலு ரோட்டுப் பக்கம் எந்தக் கடைக்குள் போனாலும் "இன்னும் கொஞ்சம் போட்டீங்கன்னா 43 எடுத்துடலாம் சார்" என்கிறார்கள். எடுக்கலாம், சரி. எங்கே மாட்டுவது?

43 என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 38 இன்ச், உயரம் 22 இன்ச் கிட்டத்தட்ட வரும். எங்கள் பெட்ரூம் பத்துக்குப் பத்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே மூன்றரை அடிதான் மிச்சம். பழைய நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு வெட்டி செலோடேப் போட்டு ஒட்டிப் பார்த்தேன். பேப்பர் என்னவோ அடங்கிவிட்டது, ஆனால் உள்பக்கம் திறக்கிற ஜன்னல் கதவு அதன் மேலேயே வந்து இடித்தது. 32 என்றால் அகலம் 28 சொச்சம், பீரோ ஓரமாகத் தள்ளி மாட்டினால் கதவுக்கும் இடம் இருக்கிறது.

4கே, 4கே என்று கடையில் ஓதுவதை அப்படியே நம்ப வேண்டாம். 4கே என்றால் திரையில் ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள், அவ்வளவுதான். தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணிலிருந்து திரை எங்களுக்கு எட்டு அடி. சாதாரண பார்வை உள்ளவருக்கு 43 இன்ச்சில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் தெரிய ஆறு அடிக்குள் வர வேண்டும். ஃபுல் எச்டிக்கும் ஒரு படி கீழேயுள்ள 32 இன்ச் எச்டி ரெடியில் புள்ளி புள்ளியாகத் தெரிவதும் அதே ஆறு அடிக்குள்தான். ஆக, எட்டு அடியில் 43-க்கு உண்மையான லாபம் எழுத்து பெரிதாகத் தெரிவது மட்டுமே. மலையாளப் படத்தை சப்டைட்டிலோடு பார்க்கிறவர்கள் இருக்கிற வீட்டில் அது சின்ன லாபம் இல்லை.

இதைவிட முக்கியமானது பேனல், அதாவது திரை எந்த வகை என்பது, அதை ஏனோ யாரும் கேட்பதில்லை. கிருஷ்ணகிரியில் மச்சான் வீட்டில் 43, விஏ என்கிற வகைப் பேனல். விளக்கை அணைத்துவிட்டு நேர் எதிரே உட்கார்ந்து பார்த்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது, அருமை. ஆனால் கட்டில் ஓரம் சுவரை ஒட்டிப் படுத்திருக்கிற தங்கச்சிக்கு அதே படம் வெளுத்துப் போய்த் தெரிகிறது. ஐபிஎஸ் என்கிற இன்னொரு வகைப் பேனலில் எந்தப் பக்கம் படுத்தாலும் நிறம் மாறாது, ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ஒருத்தர் மட்டும் நேராகப் பார்ப்பதென்றால் விஏ, குடும்பமே கட்டிலில் ஆளுக்கொரு மூலையில் கிடப்பதென்றால் ஐபிஎஸ் என்பேன். ஒரே மாடலில்கூட பேனல் மாறி வருவதுண்டு, அதனால் கடையில் டிவிக்குப் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள், கீழே குந்தியும் பாருங்கள். சேல்ஸ் பையன் சிரிப்பான், சிரிக்கட்டும்.

சத்தம் 32, 43 ரெண்டிலும் சுமார்தான். ஃபேன் அஞ்சில் ஓடும்போது வசனம் கேட்க வால்யூமை ஏற்றினால் குழந்தை எழுந்துவிடும். அதனால் ப்ளூடூத் இயர்போன் சேருமா என்று அங்கேயே இணைத்துப் பார்த்துவிடுங்கள், விலை குறைந்த சில டிவிகளில் சேராது.

கரண்ட் செலவு பெரிய விஷயமில்லை, தினம் மூணு மணி நேரம் ஓடினால் ரெண்டுக்கும் நடுவே மாதத்துக்கு நாலைந்து யூனிட் வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான். சர்வீஸ் அப்படியில்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய எங்கள் பழைய டிவி பதினாலாவது மாதம் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கு, போனது, சேலத்திலிருந்து ஆள் வந்து சேரப் பதினோரு நாள். வாரண்டி முடிந்ததால் காசும் போனது. அதனால் இந்தத் தடவை ஊரிலேயே சர்வீஸ் ஆள் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து, 32 இன்ச் ஐபிஎஸ்ஸை வாங்கி மாட்டியாயிற்று. ஜன்னல் கதவு முழுசாகத் திறக்கிறது. முதல் வாரமே சப்டைட்டில் தெரியவில்லை என்று வீட்டுக்காரம்மா தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டுக்கொண்டாள்.