தழும்பைக்கூடப் பார்க்காமல் விற்ற 'ரீஹாப் பேக்கேஜ்'

அடிபட்டு, ஆபரேஷன் முடிந்து, மாதக்கணக்கில் உடம்பை அசைக்காமல் இருந்துவிட்டு, மறுபடி உடற்பயிற்சி ஆரம்பிக்கலாம் என்று ஜிம் வாசலில் போய் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். எனக்கு 70,800 ரூபாய் போனது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏறியது. சிறுநீரகம் தப்பியது என் அதிர்ஷ்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த மறுநாள், எங்கள் அடுக்ககத்தின் மாடிப்படியில் சேறு படிந்திருந்தது. தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பிளேட், ஸ்க்ரூ வைத்தார்கள். ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவில்லை. அதற்கு முன் வாரம் மூன்று நாள் மெரினாவில் ஓடிக்கொண்டிருந்தவள் நான். ஜனவரி மாரத்தானில் பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருந்தேன். பிசியோதெரபி மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் எல்லாம் நின்றுவிட்டது. வீடு, ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று அந்த வருடம் முழுக்க ஓடியது.

2025 ஜனவரி முதல் வாரம். வேளச்சேரி பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஜிம்மில் புத்தாண்டுச் சலுகை. போர்டில் 'இன்ஜுரி ரீஹாப்', அதாவது அடிபட்டவர்களை மீட்டெடுக்கும் பயிற்சி என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதுதான் என்னை உள்ளே இழுத்தது. மேனேஜரிடம் கணுக்காலில் பிளேட் இருப்பதைச் சொன்னேன், ஒரு வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி தவிர ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னேன். "கவலையே படாதீங்க மேடம், எங்ககிட்ட ரீஹாப் ஸ்பெஷலிஸ்ட் இருக்கார். மூணு மாசத்துல ஓடுவீங்க" என்றார். ஒரு வருட மெம்பர்ஷிப் 26,000, பர்சனல் ட்ரெய்னிங் 36 செஷன் 34,000, அப்போதைய ஜிஎஸ்டி 18 சதவீதம் 10,800. 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டியில்லாத மாதத் தவணையில் கட்டலாம், சலுகை அன்று ராத்திரியோடு முடிகிறது என்றார். மறுவாரம் போனபோதும் அதே போர்டு அதே இடத்தில் இருந்தது.

உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் அவர் என் பான் நம்பர் கேட்டார், ஆதார் ஓடிபி கேட்டார், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். எந்தக் கால் என்று கேட்கவில்லை. தழும்பைப் பார்க்கவில்லை. சர்ஜன் கொடுத்த பைலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்; அதை அவர் திறக்கவே இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் மனம் ஓடுவதற்குத் துடித்தது. யாராவது "முடியும்" என்று சொன்னால் போதும் என்ற நிலையில் இருந்தேன். அடிபட்டுத் திரும்புகிறவர்களின் இந்த ஏக்கத்தை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் விற்கிறார்கள்.

முதல் நாள், திங்கட்கிழமை சாயங்காலம். ஸ்பெஷலிஸ்ட் என்று வந்தவர் இருபத்திரண்டு வயதுப் பையன். நல்ல பையன், மரியாதையாகப் பேசினார். "இன்னிக்கு ஒரு பேஸ்லைன் டெஸ்ட் பாத்துடலாம் அக்கா" என்றார். ஸ்குவாட், அதாவது முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக நூறு. அதன்பின் லஞ்சஸ், ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி இறங்குவது, அறுபது. பெட்டி மேல் ஏறி இறங்குவது, கடைசியில் அதே பெட்டி மேல் குதித்து இறங்குவது. ஸ்குவாட் எழுபதிலேயே தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "முன்னாடி ரன்னர்தானே, மசில் மெமரி இருக்கும், வந்துடும்" என்றார். மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்த அறையில் வியர்வை சொட்டச் சொட்ட முடித்தேன்.

மறுநாள் படி இறங்க முடியவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மெசேஜ் போட்டேன். "ஒரு பெயின் கில்லர் போட்டுட்டு வாங்க அக்கா, அசைச்சாதான் வலி போகும்" என்று பதில் வந்தது. போட்டேன், போனேன், சைக்கிளும் கொஞ்சம் ஸ்குவாட்டும் செய்தேன். புதன்கிழமை காலையில் தொடை இரண்டும் வீங்கி, தொட்டால் மரக்கட்டை மாதிரி இருந்தது. சிறுநீர் பால் ஊற்றாத டீ நிறத்தில் போனது. அம்மா, "உடம்பு சூடுடி, இளநீர் குடி" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழ்வீட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் நிறத்தைக் கேட்டதுமே ஆட்டோ பிடித்தாள்.

ரத்தத்தில் சிகே என்று ஒன்றைப் பார்த்தார்கள். தசைக்குள் இருக்க வேண்டிய என்சைம். சாதாரணமாக 200க்குக் கீழே இருக்கும். எனக்கு 41,000. ராப்டோமயோலிசிஸ் என்றார்கள். தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து மயோகுளோபின் என்ற தசைப் புரதம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தை அடைக்கிற நிலை. சிறுநீரின் அந்த நிறம் மயோகுளோபினால்தான். இந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. ட்ரெய்னர் சொல்லி நான் விழுங்கியது அதையேதான். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்கு முன்னாடி கடைசியா எப்போ ஸ்குவாட் பண்ணீங்க?" ஜிம்மில் ஒருவரும் கேட்காத கேள்வி.

படுத்துக் கிடந்த நாட்களில் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுமையைத் தூக்கும்போதைவிட, இறக்கும்போது, அதாவது தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போதுதான் நார்கள் அதிகம் சேதமாகின்றன. ஸ்குவாட்டில் கீழே போவது, பெட்டியிலிருந்து குதித்து இறங்குவது எல்லாம் இந்த வகை. மலை ஏறியவர்களுக்கு ஏறிய வலியைவிட இறங்கிய வலி அதிகம் இருப்பது இதனால்தான். பழகாத தசை இதை ஒரே நாளில் அளவுக்கு மீறிச் செய்தால் உடைந்துபோகிறது. அதே தசைக்கு முதல் நாள் கொஞ்சமாகக் கொடுத்து, சில நாள் விட்டு மறுபடி கொடுத்தால், அந்தக் கொஞ்சமே அடுத்த சில வாரங்களுக்குக் கவசமாக நிற்கிறது. முதல் நாள் பத்துப் பத்தாக இரண்டு செட்டோடு அனுப்பியிருந்தால் எனக்கு இது வந்திருக்காது. மசில் மெமரி என்பது பொய்யில்லை. ஒருகாலத்தில் பலமாக இருந்த தசை சீக்கிரம் திரும்பப் பலம் பெறும். ஆனால் அது வாரக்கணக்கில் நடப்பது. முதல் நாள் நூறு ஸ்குவாட்டுக்கு அது காப்பு இல்லை.

கடினமாக உடற்பயிற்சி செய்தால் ஒன்றிரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைவது இயல்பு. ஆனால் வீக்கம், காலைத் தூக்கவே முடியாத பலவீனம், சிறுநீர் கருத்துப் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இளநீரோடு நிறுத்தாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சென்னை வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்போடு பயிற்சி செய்கிறவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

வீடு திரும்பி ஆறு வாரம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். உண்மையான பரிசோதனை எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நாற்பது நிமிடம், ஒரு டம்பெல்லைக்கூடத் தொடவில்லை. முதலில் பைலைப் படித்தார். தழும்பை அழுத்திப் பார்த்தார். இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தார். வலது இரண்டரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. சுவருக்கு எதிரே நிற்கவைத்து, குதிகால் தரையில் இருக்க, முட்டி சுவரைத் தொடும்படி பாதத்தை எவ்வளவு பின்னால் வைக்க முடிகிறது என்று பார்த்தார். இடது 11 சென்டிமீட்டர், வலது 5. ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னார். இடது 22 முறை, வலது ஆறாவது முறையிலேயே நடுங்கி நின்றுவிட்டது. "இந்தக் காலை வெச்சுக்கிட்டா பெட்டி மேல குதிக்க வெச்சாங்க?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. கணுக்கால் மடங்காவிட்டால் ஆழமான ஸ்குவாட்டில் குதிகால் எழும்பி, சுமை முட்டிக்கு மாறும் என்று விளக்கினார். எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ நகரவில்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவரிடம் கற்ற ஒரு அளவுகோலை இன்றும் பின்பற்றுகிறேன். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் அது போயிருக்க வேண்டும். காலையில் கணுக்கால் வீங்கியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், இன்று குறைக்க வேண்டும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன்.

மருத்துவமனையிலிருந்தே ஜிம்முக்கு டிஸ்சார்ஜ் சம்மரி அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நான்-ரீஃபண்டபிள் மேடம், பணம் திரும்ப வராது, வேணும்னா பிரெண்ட் பேருக்கு மாத்தித் தரோம்" என்றார் அதே மேனேஜர். மாதம் 5,900 வீதம் போகும் இஎம்ஐயை நிறுத்தலாம் என்று பார்த்தால், அது ஜிம்முக்குப் போகும் தவணையே இல்லை. நான் கொடுத்த ஓடிபியில் ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் எடுக்கப்பட்டு, முழுத் தொகையும் அன்றைக்கே ஜிம்முக்குப் போய்விட்டது. நான் ஜிம்முக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த நிறுவனத்துக்கு நான் கடன்காரி. நிறுத்தினால் பவுன்ஸ் கட்டணம், கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் ஸ்கோரில் அடி. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று ரிசப்ஷனில் யாராவது சொன்னால், அது கடனா என்று நேராகக் கேளுங்கள். செயலி வழியாக எடுக்கும் கடனில் ஆரம்ப நாட்களிலேயே அபராதமில்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி விதிகளில் வழி உண்டு, ஆனால் அசலை நாம் திருப்பிக் கட்டியாக வேண்டும். அசல் ஜிம் கையில் இருக்கும்போது அந்த வழியும் அடைபட்டதுதான்.

ரசீதை எடுத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வரி 10,800 வாங்கியிருக்கிறார்கள், ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. வெறும் கணினித் துண்டுச்சீட்டு. (2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்முக்கு வரி 5 சதவீதம்தான். இப்போது சேருகிறவர்களிடம் யாராவது 18 கேட்டால் விடாதீர்கள்.) ஸ்பெஷலிஸ்டின் தகுதி என்ன என்று எழுத்தில் கேட்டேன். ஆறு வார ஃபிட்னஸ் சான்றிதழ் ஒன்றின் படம் வந்தது. பிசியோதெரபிஸ்டுகள் ஆஸ்பத்திரி இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நாலரை வருடம் படித்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. தெரியாத வேலையை அவன் தலையில் கட்டி, 'ஸ்பெஷலிஸ்ட்' என்று சட்டையில் குத்திவிட்டது முதலாளிதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். ஜிம்மிலிருந்து அவர்களுக்கும் அதே பதில்தான் போனது. பிறகு ஒரு வக்கீல் தோழியின் உதவியோடு நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதே சட்டத்தின் பிரிவு 2(47)இல், முறையான பில் தராததும், குறைபாடுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. ரசீதில் சின்ன எழுத்தில் 'பணம் திரும்பக் கிடைக்காது' என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதே ஜிம்மில் இன்னும் இரண்டு பேர் அப்படி விட்டிருக்கிறார்கள்.

எனக்கு உதவியது நான் எதையும் அழிக்காமல் வைத்திருந்ததுதான். "பெயின் கில்லர் போட்டுட்டு வாங்க" என்ற மெசேஜ், போர்டின் போட்டோ, லேப் ரிப்போர்ட், துண்டுச்சீட்டு எல்லாம் வழக்கில் இருக்கின்றன. போனில் பேசியதற்கு ஒரு சாட்சியும் இல்லை. அதனால் ஜிம்மில் எது சொன்னாலும் "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க" என்று கேளுங்கள்.

காசு இல்லாதவர்கள் தனியார் பிசியோவுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பத்து வருடமாக அந்த வழியாக ஆபீஸ் போகிறேன். எனக்கே ஜிம் போர்டு கண்ணில் பட்டது, அது படவில்லை.

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் கணுக்கால் வீங்காமல் இருக்க எனக்கு ஜூன் மாதம் ஆனது. அதன்பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் ஓட அனுமதித்தார், அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று. இப்போது வலது கால் ஒற்றைக் குதிகால் பதினெட்டுக்கு வந்திருக்கிறது. இடதை எட்ட இன்னும் நாலு. வழக்கில் எதிர்த்தரப்பு இரண்டு முறை வாய்தா வாங்கிவிட்டது. அடுத்த முறையும் லீவு போட்டுவிட்டுப் போகப்போகிறேன்.