புழுவை அடிப்பதா, உள்ளே குடியிருப்பவனை அடிப்பதா? ஐவர்மெக்டினும் டாக்ஸிசைக்ளினும்

யானைக்கால் போன்ற நோய்களைத் தரும் நூல் போன்ற ஃபைலேரியா புழுக்களுக்கு மருந்து என்றதும் ஐவர்மெக்டின், டிஇசி (டைஎத்தில்கார்பமசின்) என்ற புழுக்கொல்லிகள் பக்கம்தான் கை போகும். சாதாரண ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளினும் இவற்றில் பலவற்றை வீழ்த்தும். புழுவைத் தொடாமல், அதற்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொன்று.

1924-இல் ஆய்வாளர்கள் ஹெர்டிக்கும் வோல்பாக்கும் க்யூலெக்ஸ் கொசுவில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார்கள். கொசுவுக்கு அது இல்லாவிட்டாலும் பிழைப்பு ஓடும். யானைக்கால் நோய்ப் புழுவுக்கும், ஆற்றுக்குருடு தரும் ஆங்கோசெர்காவுக்கும் ஓடாது. பெண் புழுவின் உடலோரம் நீளமாக ஓடும் பக்கவாட்டு நாண்களிலும் சூலகத்திலும் பாக்டீரியா நெருக்கியடித்துக் கிடக்கும். அது போய்விட்டால் கருக்கள் வளராமல் பாதியிலேயே சிதைந்துவிடும்.

ஆங்கோசெர்காவை வைத்து இரண்டு மருந்தையும் ஒப்பிடலாம். ஐவர்மெக்டின் கிலோவுக்கு 150 மைக்ரோகிராம், ஒரே வேளை. சில நாட்களில் தோலில் உள்ள குட்டிப்புழுக்கள் மளமளவெனக் குறைந்துவிடும். ஆனால் தாய்ப்புழு சாகாது. சில மாதம் குட்டி போடாமல் இருந்துவிட்டு மறுபடி தொடங்கும். அதன் ஆயுள் 10 முதல் 15 ஆண்டு என்பதால் வருடத்துக்கு ஓரிரு முறை என்று பல்லாண்டு மருந்து தர வேண்டும்.

டாக்ஸிசைக்ளின் தினம் 200 மி.கி., 6 வாரம். தாய்ப்புழு மலடாகிவிடும், பிறகு ஒன்றரை, இரண்டு வருடத்தில் பெரும்பாலானவை மெதுவாகச் செத்துப்போகும். ஏற்கெனவே தோலில் திரியும் குட்டிகளை இது உடனே கொல்லாது. பலர் சறுக்குவது இங்கேதான்: கோர்ஸ் முடிந்தும் அரிப்பு இருக்கிறதே, மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்காகத்தான் சில மாதம் கழித்து ஒரு வேளை ஐவர்மெக்டினையும் சேர்த்துத் தருவது.

லோவா லோவா என்ற கண்புழுவுக்குள் வோல்பாக்கியாவே கிடையாது. டாக்ஸிசைக்ளின் அதை ஒன்றும் செய்யாது. குறை போலத் தெரியும் இதுவே பெரிய அனுகூலம். ஒரு மில்லி ரத்தத்தில் 30,000-க்கு மேல் லோவா குட்டிகள் உள்ளவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால், அவை ஒட்டுமொத்தமாகச் செத்து மூளை பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு புழுவும் சேர்ந்திருப்பவரிடம் டாக்ஸிசைக்ளின் ஆங்கோசெர்காவை மட்டும் கவனித்துக்கொள்ளும்.

டிஇசி? யானைக்கால் நோய்க்கு அது கிலோவுக்கு 6 மி.கி. கணக்கில் இன்றும் முக்கிய மருந்து. ஆனால் ஆங்கோசெர்கா உள்ளவருக்குக் கூடாது: கடும் அரிப்பு, வீக்கம், காய்ச்சல் வருவதோடு கண்ணும் கெடலாம்.

ஊர் முழுக்கக் கொடுப்பதற்கு டாக்ஸிசைக்ளின் சரிப்படாது. 42 நாள் விடாமல் யார் விழுங்குவார்கள்? கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதைத் தருவதில்லை. அங்கே ஐவர்மெக்டினே வெல்கிறது, அதையும் கர்ப்பிணிகளுக்குத் தருவதில்லை என்றாலும். மருத்துவர் கண்காணிப்பில் உள்ள தனி நோயாளிக்கு, புழுவை வேரோடு தீர்க்க வேண்டுமென்றால், என் ஓட்டு டாக்ஸிசைக்ளினுக்கே.

அதை விழுங்குவதிலும் பக்குவம் வேண்டும். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும். பால், இரும்புச்சத்து, கால்சியம், அமிலமுறிவு மாத்திரைகள் மருந்தைப் பிணைத்து உடலில் முழுதாகச் சேரவிடாது. ஓரிரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அந்த ஆறு வாரமும் உச்சி வெயிலில் தோல் சட்டென்று கன்றிவிடும்.